பவளத்துக்குப் பெயர் என்ன?

கல்லா, செடியா, பிராணியா என்ற வழக்கு 18-ம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது. எந்தப் பிராணி என்ற வழக்கு மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ராசிக்கல் கடையில் பவளம் கேட்டால் வெல்வெட் தட்டில் இரண்டு வகையை எடுத்து வைப்பார்கள். "இது இத்தாலி, அது ஜப்பான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார் கடைக்காரர். செவ்வாய் தோஷத்துக்கு எத்தனை கேரட், எந்த விரலில், எந்தக் கிழமையில் என்பதற்கெல்லாம் அவரிடம் பதில் தயார். இது எந்த உயிரின் எலும்பு என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். திகைத்துப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சொல்லும் "இத்தாலி" என்பது பல சமயங்களில் பவளம் பிறந்த கடலைக் குறிப்பதில்லை. பட்டை தீட்டிய ஊரைக் குறிக்கிறது. நேப்பிள்ஸ் அருகிலுள்ள டோரே டெல் கிரேக்கோ நகரில் பவளம் அறுத்துச் செதுக்குவது தலைமுறை தலைமுறையாக வரும் தொழில். மத்தியதரைக் கடல் பவளம் மட்டும் போதாமல் ஜப்பானியக் கடலில் எடுத்த பவளமும் அங்கே போய் இறங்க ஆரம்பித்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஜப்பானில் பிறந்து இத்தாலியில் மெருகேறி இந்தியாவுக்கு வரும் மணிக்கு எந்த நாட்டுப் பெயர் பொருந்தும்?

பவளம் வாங்குவதில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ரோமானியப் பெண்கள் இந்திய முத்தை எவ்வளவு மதித்தார்களோ அவ்வளவு இந்தியர்கள் பவளத்தை மதித்தார்கள் என்று முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்தார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பேடு, முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையில் ஐரோப்பிய வியாபாரிகள், அவர்களில் யூதர்கள் கணிசம், மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வைரத்தை வாங்கிப் போனார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்ற பெயர் அந்த வியாபாரத்தின் மிச்சம். வங்காளத்தில் சுமங்கலிகள் வெண்சங்கு வளையோடு சேர்த்து அணியும் சிவப்பு "போலா" பவளத்தில் செய்யப்பட்டதுதான். இன்று அது பெரும்பாலும் பிளாஸ்டிக். லடாக் பெண்களின் "பெராக்" தலையணியில் நீலப் பச்சைக் கற்களுக்கு நடுவே சிவந்து தெரிவதும் பவளம். கடலையே பார்த்திராத மலைநாட்டில் அது கௌரவச் சின்னம்.

தமிழில் இதற்குப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய இலக்கியத்தில் துகிர், பிறகு பவளம், பவழம், வடமொழி வழியே பிரவாளம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்திருந்த பொருள்களில் கிழக்குக் கடல் துகிரையும் சேர்க்கிறது பட்டினப்பாலை. பெரிப்ளஸ் சொல்லும் பவளமோ மேற்கிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே பொருளா? சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. சிவப்பாக, கிளைகளோடு, கடலிலிருந்து வந்தால் அது துகிர். கொடிப்பவளம் என்ற சொல்லில் இன்னொரு ஊகம் ஒளிந்திருக்கிறது: அது கொடி, அதாவது தாவரம். அல்லி அரசாணி கதையோடு சேர்ந்து வழங்கும் பவளக்கொடி என்ற நாயகியின் பெயரும் அந்த ஊகத்தின் பிள்ளைதான்.

அண்மைக் காலத்தில் தமிழ் இன்னொரு குழப்பத்தையும் சேர்த்துக்கொண்டது. மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவிலும் கரையோரம் ஆழமில்லாத கடலில் வளர்ந்து நிற்கும் சுண்ணாம்புத் திட்டுகளுக்கு ஆங்கிலத்தைப் பின்பற்றிப் பவளப்பாறை என்று பெயர் வைத்தோம். மொழிபெயர்ப்பாளர்கள் செய்த வேலை இது. என் இனத்தாரைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்திலும் இதே தவறு இருப்பதால் யாரும் கவனிக்கவில்லை. விளைவு, மோதிரத்தில் பதிக்கும் பவளம் ராமேஸ்வரம் பக்கத்துப் பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படுவதாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். பவளப்பாறையில் பவளம் கிடையாது. பல காலம் அந்தப் பாறைகளை உடைத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கல்லிலிருந்து ஒரு மணி கூடக் கோக்க முடிந்ததில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் சின்னது அல்ல. இரண்டையும் கட்டுவது பாலிப் என்ற குட்டிப் பிராணிகளின் கூட்டம்தான். ஆனால் பாறை கட்டும் பாலிப்பின் வாயைச் சுற்றி உணர்கொம்புகள் ஆறாறாக அமைகின்றன. நகைப்பவளத்தின் பாலிப்புக்கு எட்டே எட்டு, ஒவ்வொன்றும் இறகுபோல விளிம்பு சிலிர்த்தது. அறுகை, எண்கை என்ற இந்த இரு குலங்களும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டவை. பாறை கட்டுபவற்றுக்கு வெயில் வேண்டும். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியை உணவாக்கித் தருகின்றன. நகைப்பவளத்துக்கு அப்படிக் குடித்தனக்காரர்கள் இல்லை. அது இருட்டு விரும்பி. மத்தியதரைக் கடலில் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும், ஜப்பான் பக்கம் 100 மீட்டருக்குக் கீழேயும், ஹவாயில் 400 மீட்டர் வாக்கிலும், நீரோட்டம் கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கிறது. பாறை கட்டும் பிராணிகளின் கூடு துளைகள் நிறைந்த அரகோனைட். நகைப்பவளத்தினுடையது மக்னீசியம் கலந்த அடர்த்தியான கால்சைட். மெருகு ஏறுவது அதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையில் அவமானத்துக்கும் பங்கு உண்டு. 1706-ல் இத்தாலியப் பிரபு மார்சிலி, கடலிலிருந்து எடுத்த பவளக் கிளையைக் கடல்நீர்ப் பாத்திரத்தில் இட்டு வைத்தபோது சிவந்த பட்டையெங்கும் எட்டு இதழ் வெள்ளைப் பூக்கள் மலர்ந்தன. பூ என்றால் செடிதானே? ஐரோப்பா மகிழ்ந்தது. சில ஆண்டுகள் கழித்து மார்ஸே நகரத்து மருத்துவர் பெய்சொனெல் வட ஆப்பிரிக்கக் கரையில் அதே பூக்களைப் பார்த்தார். தொட்டால் சுருங்கின, அழுகினால் மீன் நாற்றம் அடித்தது. பூ அல்ல, பூச்சி என்று பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். அங்கே பெரியவராக இருந்த ரியோமூர் 1727-ல் அந்தக் கருத்தைச் சபையில் வைத்தபோது எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட அபத்தத்தோடு பெயர் ஒட்டிக்கொண்டால் அவருக்கு அவமானம் என்று கருணை காட்டினாராம்! 1740-களில் ட்ரெம்ப்ளே என்பவர் குளத்து நீரின் ஹைட்ராவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் முழுப் பிராணியாக வளர்வதைக் காட்டிய பிறகுதான் செடி போன்ற பிராணியும் உண்டு என்பதைக் கழகம் ஏற்றது. ரியோமூரும் பெய்சொனெலின் பெயரைச் சொன்னார். அதற்குள் பெய்சொனெல் கரீபியக் கடலின் குவாதலூப் தீவுக்கு மருத்துவராகப் போய்விட்டிருந்தார்.

பிராணி என்று தெரிந்தது. பெயர் வைக்க வேண்டுமே? 1758-ல் லின்னேயஸ் செம்பவளத்துக்கு மாட்ரெப்போரா ரூப்ரா என்று பெயரிட்டார். மாட்ரெப்போரா என்பது பாறை கட்டும் பிராணிகளுக்கான பெயர். ஆக, நம்முடைய பவளப்பாறைக் குழப்பத்தை வகைப்பாட்டியலின் தந்தையே தொடங்கிவைத்திருக்கிறார். 1766-ல் பல்லாஸ் அதை ஐசிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். அது கணுக்கணுவாக வளரும் மூங்கில் பவளத்தின் வீடு. இதை நினைவில் வையுங்கள், கடைவீதிக்குத் திரும்பும்போது தேவைப்படும். 1798-ல் குவியே செம்பவளத்துக்கென்று கொராலியம் என்ற தனிப் பேரினம் அமைத்தார். கொராலியம் ரூப்ரம் என்ற இன்றைய பெயர் அப்படிப் பிறந்தது. பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பிய லகாஸ்-துதியே 1864-ல் அதன் இனப்பெருக்கத்தையும் உடலமைப்பையும் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார்.

மத்தியதரைக் கடலில் இருந்தவரை இது ஒரு பெயர், ஒரு பொருள். பசிபிக் திறந்துகொண்டபோது சிக்கல் தொடங்கியது. ஜப்பானில் 1868-ல் மெய்ஜி ஆட்சி வந்த பிறகு பவளம் எடுப்பது பெரும் தொழிலாயிற்று. மீனவர்கள் நிறத்தை வைத்துப் பெயர் வைத்தார்கள்: இரத்தச் சிவப்பு "அகா", பீச் பழ நிறம் "மோமோ", வெள்ளை "ஷிரோ", இளஞ்சிவப்பு ஓடிய வெளிர் நிறம் "போகே". ஐரோப்பியர் போகேவுக்குத் தேவதையின் தோல் என்று பட்டம் சூட்டினார்கள். மீன்வள விஞ்ஞானி கிஷினோயே 1902 முதல் இவற்றுக்கு லத்தீன் பெயர்கள் சூட்டினார். அவற்றில் ஒன்று கொராலியம் இன்யூட்டிலே. லத்தீனில் இதற்கு அர்த்தம் "உபயோகமற்றது". நகைக்கு ஆகாத அந்த அப்பாவி ஜந்து கடைக்காரரின் அபிப்பிராயத்தை விஞ்ஞானப் பெயராகச் சுமந்துகொண்டிருக்கிறது. பயனற்றது என்று பெயர் வாங்கியதால் வலையிலிருந்து தப்பித்தது என்றால் அதுவும் ஒரு அதிர்ஷ்டம்தான்.

நிறம் நம்பத் தகுந்த சாட்சி அல்ல என்பதுதான் தொல்லை. மோமோ ஒரே இனம், ஆனால் வெளிர் ரோஜாவிலிருந்து ஆழ்ந்த ஆரஞ்சு வரை அதில் எல்லாம் உண்டு. விஞ்ஞானிகள் அதனால் நிறத்தை விட்டு, பிராணியின் சதைக்குள் புதைந்திருக்கும் நுண்ணிய சுண்ணாம்பு முட்களைப் பார்த்தார்கள். சாதாரணக் கண்ணுக்குத் தூசி. உருப்பெருக்கியில் சில நட்சத்திரம் போல, சில நாடகம் பார்க்கிற இரட்டைக் கண்ணாடி போல. பிரிட்டிஷ் மியூசியத்தின் கிரே 1867-ல் இந்தக் குடும்பத்தைப் பிரித்து ப்ளூரோகொராலியம், ஹெமிகொராலியம் என்று புதிய பேரினங்கள் அமைத்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றைக் கலைத்து எல்லாவற்றையும் கொராலியத்தில் போட்டார்கள். 2003-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த பேயரும் கெயர்ன்ஸும், தண்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களை அடையாளமாகக் கொண்டு பாராகொராலியம் என்று ஒன்றைப் பிரித்தார்கள். ஜப்பானின் அகா அதில் போய்ச் சேர்ந்தது. பிறகு டி.என்.ஏ. வந்தது. 2010-களில் நடந்த ஆய்வுகள், குறிப்பாகத் தைவான் விஞ்ஞானிகள் 2015-ல் வெளியிட்டது, கிரே சொன்னதே சரி என்றன. கொராலியம், ப்ளூரோகொராலியம், ஹெமிகொராலியம் மூன்றும் நிலைத்தன. பாராகொராலியம் கலைக்கப்பட்டது. அகா மீண்டும் கொராலியம் ஜப்போனிகம். மோமோவோ ப்ளூரோகொராலியம் இலேட்டியஸ்.

ஏறத்தாழ 40 இனங்கள் கொண்ட குடும்பத்தில் பேராசிரியர்கள் பெயர்ப் பலகை மாற்றி விளையாடினால் யாருக்கு என்ன? சட்டத்துக்கு நிறைய.

அருகிவரும் உயிர்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாவது பட்டியலில் கரும்பவளம் 1981 முதலே உண்டு. செம்பவளக் குடும்பத்தையும் சேர்க்க வேண்டும் என்று 2007-ல் ஹேக் நகரில் அமெரிக்கா கேட்டது. கமிட்டியில் நிறைவேறியது, இறுதிக் கூட்டத்தில் ரகசிய வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. 2010-ல் தோஹாவில் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்துகொண்டன. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. தொழிலாளர் பிழைப்பு, பவளம் பரவிக் கிடக்கும் கடல் பரப்பு என்று எதிர்த்தவர்கள் பல காரணம் சொன்னார்கள். அவற்றில் ஒன்று: மெருகேற்றிய மணியைப் பார்த்து எந்த இனம் என்று சுங்க அதிகாரி எப்படிச் சொல்வார்? முட்கள் இருந்த சதை எப்போதோ சுரண்டி எறியப்பட்டுவிட்டது. அடையாளம் தெரியாததால் பாதுகாப்பு இல்லை என்கிற இந்த வாதம் விநோதமானது. திருடன் முகமூடி அணிந்திருப்பதால் பூட்டு வேண்டாம் என்பது போல.

இடையில் 2008 ஜூலையில் சீனா தன் பங்குக்கு நான்கு இனங்களை மூன்றாவது பட்டியலில் போட்டது. இலேட்டியஸ், ஜப்போனிகம், கொன்ஜோய், செகுண்டம். நான்குக்கும் கொராலியம் என்றே முன்பெயர். பட்டியல் வந்தபோது ஜப்போனிகத்தை விஞ்ஞானிகள் பாராகொராலியத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அது வீடு திரும்பியபோது மற்ற மூன்றும் ப்ளூரோகொராலியத்துக்குக் கிளம்பிவிட்டன.

நம் வீட்டிலும் நிலைமை இதுதான். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பிராணிகள், கரும்பவளம் ஆகியவற்றோடு "கடல் விசிறி, எல்லா கோர்கோனியன்களும்" என்று ஒரு வரி சேர்ந்தது. எழுதியவர்கள் மனத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து ஏற்றுமதி செய்யப்பட்ட விசிறிகள் இருந்திருக்கும். பழைய பாகுபாட்டின்படி நகைப்பவளமும் கோர்கோனியன் வரிசையைச் சேர்ந்ததே என்பது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது. நகைக்கடைகளில் வியாபாரம் ஒரு நாளும் நிற்கவில்லை. கோர்கோனியன் என்ற வரிசையே இப்போது விஞ்ஞானத்தில் இல்லை. 2022-ல் எண்கைப் பவளங்கள் முழுவதையும் மரபணுக் கணக்கில் இரண்டே வரிசைகளாக மாற்றி அமைத்தார்கள். கடல் விசிறிகள் இரண்டு பக்கமும் சிதறிவிட்டன.

பெயர் தவறினால் வயதும் தவறும். ஹவாய்க் கடலில் தங்கப் பவளம் என்று ஒன்று உண்டு. நகைக்காக எடுத்தார்கள். தண்டை அறுத்து, மரத்துக்குச் செய்வதுபோல வளையங்களை ஆண்டுகளாக எண்ணி, பத்துக் கணக்கான ஆண்டுகளில் வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 2009-ல் வெளியான ரேடியோ கார்பன் ஆய்வு, ஒரு தங்கப் பவளத்துக்கு 2,742 வயது என்றது. அதே ஆய்வில் ஒரு கரும்பவளத்துக்கு 4,265 வயது. ஜெரார்டியா என்று மத்தியதரைக் கடல் உறவுக்காரரின் பெயரால் அழைக்கப்பட்டு வந்த அந்தத் தங்கப் பவளம் தனிப் பேரினம் என்று 2013-ல்தான் தெரிந்து, ஹவாய் மொழியில் குலமனமன என்ற பெயர் பெற்றது. அசோகர் பிறப்பதற்கு முன்பே வளர ஆரம்பித்த ஒன்றைத் திரும்ப வளர்ந்துவிடும் என்று எண்ணி அறுத்திருக்கிறார்கள்.

செம்பவளம் அவ்வளவு கிழம் அல்ல என்றாலும் அவசரப்படுவதில்லை. தண்டு ஓராண்டில் பருப்பது கால் மில்லிமீட்டரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை. மோதிரத்துக்கு ஆகும் பருமன் வர 30, 40 ஆண்டுகள் வேண்டும். கனத்த மரச் சிலுவையில் வலைகளைக் கட்டிக் கடல் தரையில் இழுத்து, எடுத்ததைவிட உடைத்தது அதிகம் என்ற முறையை ஐரோப்பிய யூனியன் 1994-ல் தடை செய்தது. மத்தியதரைக் கடலில் 50 மீட்டருக்கு மேலே எடுக்கக்கூடாது என்று 2011-லும், அடித்தண்டு 7 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று 2012-லும் விதிகள் வந்தன. பசிபிக்கில் அவ்வளவு ஒழுங்கு இல்லை. 2014 இலையுதிர் காலத்தில் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளைச் சுற்றி அகாவுக்காக 200-க்கும் அதிகமான சீனப் படகுகள் குவிந்தன. தீவு மீனவர்கள் கடலுக்குப் போகப் பயந்தார்கள். ஜப்பான் அபராதத்தை உயர்த்தச் சட்டம் திருத்தியது.

இப்போது கடைவீதிக்குத் திரும்பலாம். தட்டில் இருப்பது அகாவா, ரூப்ரமா என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பவளம்தானா? கண்ணாடி, பிளாஸ்டிக் போலிகளைச் சூடான ஊசியும் உருப்பெருக்கியும் காட்டிக்கொடுத்துவிடும். கெட்டிக்காரப் போலி மூங்கில் பவளம். வெண்மையான அந்தத் தண்டைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்தால் எடை, குளிர்ச்சி, அமிலம் பட்டால் நுரைப்பது எல்லாம் அசலைப் போலவே இருக்கும். 1766-ல் பல்லாஸ் இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தார் அல்லவா, அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வியாபாரி தப்பித்துவிடுவார். சாயம் வெடிப்புகளில் தேங்கி நிற்பதையும், நெடுக ஓடும் கோடுகள் அசலைவிட அகன்றிருப்பதையும் பழகிய கண் பிடித்துவிடும். வாங்குகிறவருக்கு அந்தக் கண் கிடையாது. அவர் ஜாதகத்தைப் பார்க்கிறார், கல்லைப் பார்ப்பதில்லை.

இனத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி பிறந்திருக்கிறது. மெருகேற்றிய மணியிலிருந்து சில மில்லிகிராம் தூளைச் சுரண்டி, சுண்ணாம்புக்குள் சிக்கிக் கிடக்கும் டி.என்.ஏ.வைப் படிக்க முடியும் என்று ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் காட்டினார்கள். எல்லா மணியும் பேசுவதில்லை. பேசியவை தங்கள் பெயரைச் சரியாகச் சொல்லின. சுங்க அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார் என்று தோஹாவில் கேட்டவர்களுக்கு விடை பத்தாண்டு தாமதமாக வந்தது. செலவைப் பார்த்தால் ராசிக்கல் மோதிரத்துக்குக் கட்டுப்படியாகாது. பறிமுதல் செய்த சரக்குக்கும் ஏலத்துக்கு வரும் பழைய நகைக்கும் உதவும்.

உதவாத இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் பவளம் மருந்துச் சரக்கு. அரைத்தால் பிஷ்டி, புடம் போட்டால் பஸ்பம். நகைக்கு ஆகாத கிளையும் தூரும் உடைசலும் அங்கே போகின்றன. நெருப்பில் வெந்து வெளுத்த சாம்பலில் நிறம் இல்லை, வளையம் இல்லை, டி.என்.ஏ. இல்லை. மிஞ்சுவது சுண்ணாம்பு. குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் பவளம் என்று ஒரே ஒரு சொல் இருக்கும்.